துணி ஒண்ணு, கடல் ஒண்ணு, சம்பளம் மட்டும் ரெண்டு

தை அமாவாசைக்கு மறுநாள் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில எடுத்த வீடியோவைப் பார்த்திருப்பீங்க. பக்தருங்க கடல்ல விட்ட துணியை எடுக்குற துப்புரவு அக்கா, கூட வேலை செய்யுற நிரந்தரப் பணியாளருக்குச் சமமா சம்பளம் கேட்கிறாங்க. அவங்ககிட்ட ஒருத்தர், "அவரு நிரந்தரம், நீ காண்ட்ராக்ட், ரெண்டும் ஒண்ணா?"ன்னு கேட்கிறார். அதுக்குக் கைதட்டி எத்தனை கமெண்ட்! மனசு ஆறல.

வேலை ஒண்ணுதாங்க. அங்க அலை பெருசா அடிக்காது. குளிச்சிட்டு விடுற வேட்டியும் சேலையும் கரை ஒதுங்காம அடியில மணலேறிப் புதைஞ்சிடும். கம்பி போட்டு இழுத்தா கிழியுது. இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு, கையால மணலைப் பறிச்சு, துணியோட விளிம்பைத் தேடிப் பிடிச்சு, ரெண்டு பேர் சேர்ந்து இழுக்கணும். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் நிரந்தரம், ஒருத்தர் காண்ட்ராக்ட். துணிக்கு அது தெரியுமா?

நிரந்தரத்துக்கு வருஷம் 3 சதவீத இன்கிரிமென்ட், ஜனவரி, ஜூலைக் கணக்குல அகவிலைப்படி, சம்பளத்தோட லீவு. காண்ட்ராக்டுக்கு வந்த நாளுக்கு மட்டும் கூலி. அதுலயும் கை வைக்கிறாங்க. கணக்குக்கு நாள் கூலி 500ன்னு வைங்க. 26 நாளுக்கு 13,000. பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் 12 சதவீதம் 1,560, இ.எஸ்.ஐ (மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் 98. கையில 11,342 வரணும். ஒப்பந்ததாரர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பி.எஃப் பங்கும் அதோட நிர்வாக, காப்பீட்டுக் கட்டணமும் 13 சதவீதம், 1,690. இ.எஸ்.ஐ 3.25 சதவீதம், 423. அதையும் தொழிலாளி தலையில கட்டிட்டா மிஞ்சுறது 9,229. சம்பளச் சீட்டு குடுக்கலன்னா இது வெளியவே தெரியாது. அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்க, யு.ஏ.என் (உங்க பி.எஃப் கணக்கு நம்பர்) பாஸ்புக்கோட மாசாமாசம் ஒத்துப் பாருங்க. டெண்டர் மாறி புது ஒப்பந்ததாரர் வரும்போது புது யு.ஏ.என் போட விடாதீங்க, பழைய நம்பரையே குடுங்க.

"தெரிஞ்சுதானே சேர்ந்தாங்க"ன்னு கமெண்ட்ல எழுதியிருக்கீங்க. வேற வேலை இருந்தா யாரு இதுக்கு வர்றா? "நிதி இல்லை"ங்கிறதுல கொஞ்சம் உண்மை இருக்கு, மறுக்கல. ஆனா அந்தப் பற்றாக்குறையை ஏன் இவங்க மட்டும் சுமக்கணும்? "முறைப்படி நியமனம் ஆனவங்களோட ஒப்பிடாதே"ன்னும் சொல்றீங்க. ஒரே வேலை செய்யுற தற்காலிகப் பணியாளருக்கு நிரந்தர ஊதிய விகிதத்தோட குறைந்தபட்சத்தையாவது குடுக்கணும்னு 2016லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதைக் கேட்டா, "இவங்க எங்க ஆளே இல்ல, ஒப்பந்ததாரர் ஆளு"ங்கிற பதில் வருது. ஒப்பந்ததாரர் மாறிக்கிட்டே இருக்கார், அக்கா அதே கரையிலதான் நிக்கிறாங்க. ஒவ்வொரு மாற்றத்திலயும் சர்வீஸைப் புதுசா எழுதுறதால பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) 5 வருஷம் நிறையவே மாட்டேங்குது. 10 வருஷம் தொடர்ச்சியா எழுதியிருந்தா, அதே 500 கூலிக்கு வருஷத்துக்கு 15 நாள் வீதம் 75,000. பிள்ளை காலேஜ் பீஸுக்கு ஆகியிருக்கும்.

சம்பளத்தை விடுங்க, கையுறையாவது? மணலுக்குள்ள கண்ணாடிச் சில்லு கிடக்கு. நிரந்தரம், காண்ட்ராக்ட்னு பார்த்தா அது கிழிக்குது? நிரந்தரமா இருக்கிறவரை மரியாதையா "அண்ணே"ங்கிறீங்க. இந்த அக்காவை "ஏ காண்ட்ராக்ட்"னு கூப்பிடுறீங்க. அவங்களுக்கும் ஒரு பேரு இருக்குங்க.