வெற்றுப் பக்கத்தில் கையெழுத்தா?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றாலே கையெழுத்து வாங்கும் சடங்கு என்று ஆக்கிவிட்டார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 என்ன சொல்கிறது? குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூலி வேலைக்குப் போகிற அம்மாவிடம் காலையில் சொல்லி மதியம் வரச்சொன்னால் எப்படி வருவார்? வந்தாலும் கூட்டப்பொருள் தெரியாது. தீர்மான நோட்டில் பாதிப் பக்கத்தை வெற்றாக விட்டு, அடியில் கையெழுத்து வாங்குகிறார்கள். தீர்மானம் அப்புறம் மேலே ஏறும்! கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு தாய் எழுந்து சொன்னால், "பார்க்கலாம்மா, உட்காருங்க." அது நோட்டில் ஏறாது. ஏறாத புகாருக்கு அடுத்த கூட்டத்தில் யார் பதில் சொல்வது? பிரிவு 22 சொல்லும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தையும் முன்கூட்டியே எழுதி முடித்து நீட்டினால், பெற்றோருக்கு அங்கே என்ன வேலை?