அந்த அட்டவணையைப் பகிர்வதற்கு முன்னால்…

எந்த அட்டவணை என்று பலருக்குச் சொல்லத் தேவையில்லை: இறப்பு விகிதம், புற்றுநோய், சிசு மரணம் என்று எண்களை அடுக்கி எந்த நாட்டின் மருத்துவம் சிறப்பு என்று வரிசைப்படுத்தும் அட்டவணைதான். மூன்று நாளாக எல்லோர் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. “இந்த எண்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி எண்ணப்பட்டவை அல்ல” என்று ஒரு வரி எழுதினேன். “உங்களுக்குக் குறை சொல்வதே வேலை” என்றார்கள். வலித்தது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கட்டமே இறப்பு விகிதம். ஆண்டுக்கு 1,000 பேரில் ஜப்பானில் சுமார் 13 பேர் இறக்கிறார்கள், கத்தாரில் 2 பேர்கூட இல்லை. ஜப்பானின் மருத்துவம் அவ்வளவு மோசமா? அங்கே நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தொட்டவர்கள். கத்தாரில் பெரும்பாலோர் பிழைக்க வந்த இளவயதுக்காரர்கள். முதுமையும் மரணமும் அவர்களுக்குச் சொந்த நாட்டில்தான். வயது வாரியாகப் பிரித்து, இரு நாட்டுக்கும் ஒரே வயது விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் இவற்றை அருகருகே வைக்க முடியும்.

மருத்துவமனைப் படுக்கை எண்ணிக்கையும் இப்படித்தான், அதை மட்டும் வைத்து மருத்துவத்தை அளக்க முடியாது. 1,000 பேருக்கு ஜப்பானில் 12-க்கு மேல், ஸ்வீடனில் சுமார் 2. இரண்டிலும் சராசரி ஆயுள் 83-ஐத் தாண்டுகிறது.

புற்றுநோய்க் கட்டத்தைப் பார்த்துத்தான் கோபமே வந்தது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் (நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டு கழித்தும் உயிருடன் இருப்போரின் விகிதம்) அதிகம் என்றால் சிகிச்சை சிறப்பு என்று போட்டிருக்கிறார்கள். தென் கொரியாவில் 1999-இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அதில் இல்லை. ஆனால் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் கழுத்துக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். சில மில்லிமீட்டர் கட்டி தெரியும், ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பார்கள், புற்றுநோய் செல் இருந்தால் அறுவை. 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அதனால் இறப்போர் விகிதமோ அப்படியே இருந்தது. ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராமல் கிடந்திருக்கும் கட்டிகளையும் நோயாளிக் கணக்கில் சேர்த்தால் உயிர்வாழ்வு விகிதம் 100-ஐ நெருங்காமல் என்ன செய்யும்? தைராய்டை முழுதாக எடுத்தவர்களுக்குத் அதன் சுரப்புக்கு ஈடாகத் தினமும் தைராக்சின் மாத்திரை, சிலருக்கு அதை ஒட்டியுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் கெட்டு ரத்தத்தில் கால்சியம் குறைவு, சிலருக்குக் குரல் நரம்பில் சேதம். அந்த மனிதர்களின் கழுத்துத் தழும்பை வெற்றிப் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

சிசு மரணக் கட்டத்துக்கு (ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள்) வந்தால், “அமெரிக்காவுக்கு வக்காலத்தா?” என்பீர்கள். இல்லை. கர்ப்பத்தின் 22-ஆம் வாரத்திலேயே பிறந்து ஒரு மணி நேரம் மூச்சுவிட்டு அடங்கும் குழந்தையை அமெரிக்கா உயிருடன் பிறந்ததாகவே பதிகிறது. எல்லா நாடும் அப்படிப் பதிவதில்லை. 2010-இல் அங்கே சிசு மரணம் 1,000 பிறப்புக்கு 6.1. 24 வாரத்துக்கு முந்தைய பிறப்புகளை விலக்கினால் 4.2. அப்போதும் அது பின்லாந்தைப் போல இரு மடங்கு. ஒழுங்காக எண்ணினாலும் அமெரிக்கா தப்பவில்லை, பாருங்கள். பிறகு ஏன் ஒழுங்காக எண்ணத் தயக்கம்?

“அப்போ ஒப்பிடவே கூடாதா?” ஒப்பிட வேண்டும். வரையறை, ஆண்டு, வயதுச் சீராக்கம், மரணப் பதிவு எவ்வளவு முழுமை, இந்த நான்கையும் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். நான்காவதைத்தான் யாரும் கேட்பதில்லை. 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் நாடுகள் அறிவித்த கோவிட் மரணங்கள் சுமார் 54 லட்சம். வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த மரணங்களோ உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் சுமார் 1 கோடியே 49 லட்சம்.

பிரசவமாகிப் பத்தாம் நாள், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி ஒரு பெண் வீட்டில் இறக்கிறாள். சான்றிதழில் ‘மூச்சுத்திணறல்’ என்று மட்டும் எழுதினால் அது பேறுகால மரணக் கணக்கில் வராது. பிரசவத்துக்குப் பின் 42 நாள் வரை எண்ண வேண்டும் என்பது விதி. அவளுக்குப் பிரசவமானதே தாளில் இல்லையே. பிரிட்டன் 1952 முதல் இப்படிப்பட்ட ஒவ்வொரு மரணத்தையும் தோண்டி விசாரிக்கிறது. தேடுகிற நாட்டுக்கு எண்ணிக்கை கூடும், உங்கள் அட்டவணையில் அது கீழே இறங்கும். தேடாத நாடு மேலே ஏறும். இதற்கா கைதட்டுகிறீர்கள்?

அட்டவணையைப் போட்டவர் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டையும் வரையறையையும் எழுதி மறுபடி போடட்டும். முதல் ஆளாக நான் பகிர்கிறேன்.