பாட்டு எழுதியதைவிடத் தொகுத்தது பெரிய வேலை

முரசு நெடுமாறன் பெயரைச் சொன்னால் மலேசியாவில் நம் பந்திங் வட்டாரத்தில் பலருக்கும் குழந்தைப் பாடல்தான் ஞாபகம் வரும். 1937இல் பக்கத்துக் கேரித்தீவில் பிறந்தவர், ஆசிரியர், வானொலிவழி பிள்ளைகளிடம் போனவர். எல்லாம் சரி. ஆனால் அவர் செய்ததில் இன்னும் கடினமான வேலை 1997இல் வந்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்ற தொகுப்புதான் என்பதே என் கருத்து. 1887 முதல் 1987 வரை, நூறு வருஷக் கவிதை. 1887 ஏன்? சதாசிவப் பண்டிதரின் அந்தாதிகள் சிங்கப்பூரில் அச்சேறிய வருஷம் அது.

முதலில் பாட்டு. குழந்தைப் பாட்டு சுலபம் என்று நினைத்து ஆண்டு மலருக்கு எழுதுகிறவர்கள் விழுகிற குழி ஒன்றுதான்: ‘இடு’ போட்டு அடியை நிரப்புவது. மழை பெய்தால் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை, இதுதான் விஷயம் என்று வையுங்கள். (மங்கு என்பது ரப்பர்ப் பால் வடியும் கிண்ணம்.)

மங்கினுள் மழைநீர் நிறைந்திடவே
மாமனும் பணியின்றி இருந்திடுவார்

மோனையில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் முதலாம் ஆண்டுப் பிள்ளை ‘நிறைந்திடவே’யில் தடுக்கி விழும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இதையே,

மங்குக் குள்ளே மழைத்தண்ணீர்
மாமா வுக்கு வேலையில்லை

என்று மாற்றுங்கள். அடிக்கு மூன்று சீர், மூன்று கைதட்டு. கடைசிச் சீர் கொஞ்சம் நீள்வதால் பிள்ளைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. எழுதியதும் கைதட்டிப் பாருங்கள். தட்டு எங்கே தவறுகிறதோ அங்கே சொல்லை மாற்றுங்கள். மங்கு, பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), ஆயாக்கொட்டகை (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) எல்லாம் பாட்டுக்குள் வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. (இன்றைய பிள்ளைக்கு மங்கு எங்கே தெரியும், எண்ணெய் எடுக்கும் செம்பனைதானே தெரியும் என்பீர்கள். அப்படியானால் செம்பனையைப் பாடுங்கள். ஆலமரத்தடிக்கு மட்டும் மறுபடி ஓடாதீர்கள்.)

இனித் தொகுப்பு. இப்போது வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் ஒட்டி ‘தோட்டத்துப் பாடல்கள்’ என்று போடுகிறார்கள். வருஷம் இல்லை, எந்தப் பத்திரிகை என்பதும் இல்லை. அதைத் தொகுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் கவிதைக்கு இடம் கொடுத்த பத்திரிகைகள். அந்தக் கத்தரிப்புகள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் கவிதை மட்டும் அழகாக வெட்டப்பட்டிருக்கும், தேதி போயிருக்கும். முழுப் பக்கம் கிடைத்தால் வெட்டவே வேண்டாம். தேதி வரியோடு முழுப் பக்கத்தை முதலில் படம் எடுங்கள், பிறகு கவிதையை மட்டும் கிட்டத்தில். ஜன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில வருஷத்தில் பசை பழுப்பேறி எழுத்தையும் மறைத்துவிடும். லேமினேட் செய்தால் திரும்பப் பிரிக்கவே முடியாது.

தட்டச்சில் இரண்டு இடம் ஏமாற்றும். பத்தி அகலம் போதாமல் பத்திரிகைக்காரர் அடியை உடைத்திருப்பார். அதை அப்படியே அடித்தால் மூன்று சீர் அடி இரண்டும் ஒன்றுமாகச் சிதறி, சந்தமே செத்துப்போகும். வாய்விட்டுப் படித்து அடியைச் சேருங்கள். இன்னொன்று பழைய எழுத்து. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா, னா வடிவங்களைக் கணினி எழுத்துணரி (OCR) தப்பாகப் படிக்கும். அச்சையும் திரையையும் பக்கத்தில் வைத்து ஒரு கண் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

புனைபெயர் தனித் தலைவலி. ஒரே ஆள் மூன்று பெயரில் எழுதியிருப்பார், தொகுப்பில் மூன்று கவிஞர் ஆகிவிடுவார். சந்தேகம் இருந்தால் அச்சில் உள்ள பெயரையே போடுங்கள், ஊகத்தை அடிக்குறிப்பில் வையுங்கள்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தை இடிக்கும்போது முதலில் நெருப்புக்குப் போவது அலமாரிமேல் கிடக்கும் பழைய பேப்பர் பெட்டிதான். பந்திங், தெலுக் பங்ளிமா காராங் பக்கம் யார் வீட்டிலாவது அப்படி ஒன்று இருந்தால், கரையான் தட்டிவிட்டு இந்த வாரமே திறந்து பாருங்கள். படம் எடுக்கும்போது தேதி தெரியட்டும்.