மூன்று தரம் சொல்லியும் காசு வரவில்லை

வாங்கப் போவதில்லை என்றால் எதற்கய்யா ஏலம் கேட்கிறீர்கள்? நேரம் போகவில்லையா? பொழுதுபோக என் தலைதான் கிடைத்ததா?

பழைய நாணயம் சேர்க்கிறவன் நான். இரண்டாக இருப்பதில் ஒன்றை எப்போதாவது வாட்ஸ்அப் குழு ஏலத்தில் விடுவேன். போன மாதம் விட்டது 1911ஆம் வருட வெள்ளி ரூபாய். சேர்ப்பவர்களிடம் ‘பன்றி ரூபாய்’ என்றால் போதும். அதில் இருக்கும் ராஜா ஐந்தாம் ஜார்ஜின் சங்கிலியில் குட்டியாக ஒரு யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாகப் போனதில் அது பன்றியாகத் தெரிந்து, ராஜா நெஞ்சில் பன்றியா என்று பெரிய கலாட்டா. புழக்கத்துக்கு விடுவதை நிறுத்தி, பெரும்பாலானதை உருக்கிவிட்டார்கள். 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அப்படி உருக்காமல் தப்பித்த ஒன்றைத்தான் ஏலத்தில் வைத்தேன்.

ஏலம் விடுவது என்ன சும்மாவா? வெயில் நேராக விழாத நேரம் பார்த்து மாடியில் வைத்து முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று படம் எடுக்க வேண்டும். தராசில் வைத்து 11.66 கிராம் காட்டுவதை வீடியோ எடுக்க வேண்டும். அப்படியும் ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர், “அந்த யானையை மட்டும் கிட்டத்துல காட்டுங்க சார்” என்பார். இன்னொருவர் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும் என்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இப்படிக் குடைகிறவர்தான் காசு தருகிறவர் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஜெயித்த மகராசன், முகப்புப் படத்தில் மஞ்சள் பைக்கும் கூலிங் கிளாஸுமாக இருந்தவர், ஒரு கேள்வி கேட்கவில்லை. எடை கேட்கவில்லை, அடித்தது பம்பாயிலா கல்கத்தாவிலா என்று கேட்கவில்லை. 1,500இல் ஆரம்பித்த ஏலம், ஒன்பது மணிக்கு முடிய வேண்டியது, 8.58க்கு வந்து 4,600 என்று போட்டார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். குழுவே கைதட்டியது. எனக்கும் வாயெல்லாம் பல்.

முதல் நாள், “காலையில அனுப்பிடுறேன் ப்ரோ.” இரண்டாம் நாள் பேங்க் சர்வர் வேலை செய்யவில்லையாம். மூன்றாம் நாள் பெரியப்பா செத்துவிட்டார். நானும் மடையன் மாதிரி வருத்தம் தெரிவித்து, “காரியமெல்லாம் முடியட்டும், அவசரமில்லை” என்று எழுதினேன்.

ஐந்தாம் நாள் பணம் அனுப்பியதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. 4,600இல் அந்த ஆறு மட்டும் பக்கத்து எண்களைவிடக் கொஞ்சம் தடிமன். சரி, கண் கோளாறு என்று விட்டாலும், பணம் போன நேரம் 10.42. அதே படத்தின் மேல் ஓரத்தில் செல்பேசிக் கடிகாரம் 9.15! இனிமேல் அனுப்பப் போகும் பணத்துக்கு இப்போதே ரசீது காட்டிய முதல் மனிதர் இவராகத்தான் இருக்கும். கேட்டால், “என் பக்கம் போயிடுச்சு ப்ரோ, உங்க பேங்க்ல கேளுங்க.” கேட்டேன் ஐயா, வரிசையில் நின்று கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “வயசு என்னங்க உங்களுக்கு?” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

இது பரவாயில்லை என்று சொல்லும்படி போன வருடம் ஒருவர் வந்தார். ராணுவத்தில் இருப்பதாகச் சீருடைப் படம் போட்டிருந்தார். பணம் ‘பெற்றுக்கொள்ள’ கியூஆர் அனுப்பி, ஸ்கேன் செய்து ரகசிய ‘பின்’ நம்பரைப் போடச் சொன்னார். பணம் வாங்க எதற்கடா பின் நம்பர்? அது கொடுப்பதற்குத்தானே! நல்லவேளை, பக்கத்தில் மகள் இருந்தாள், பிடுங்கிவிட்டாள். அவராவது திருடன் என்று தெரிந்தது. இவரை என்னவென்று சொல்வது? நாணயமும் போகவில்லை, பணமும் போகவில்லை. எதைச் சொல்லிப் புகார் கொடுப்பது? சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போட்டு, “எனக்கு நஷ்டமில்லை, ஆத்திரம் மட்டும்தான்” என்றால் எடுத்துக்கொள்வார்களா? சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவு: சுத்தியல் விழுந்துவிட்டால் விற்பனை முடிந்தது, அதற்கு முன்னால் வேண்டுமானால் கேட்டதைத் திரும்பப் பெறலாம். அந்தச் சட்டத்தின் வருடமும் 1930தான், பாருங்கள் பொருத்தத்தை. ஆனால் 4,600 ரூபாய்க்கு எந்த வக்கீல் கறுப்புக் கோட்டு மாட்டுவார்?

நான் குமுறுவது அதற்கும் இல்லை. அடுத்து நடந்ததற்கு.

இரண்டாவதாக 4,400 கேட்டிருந்தவர் மதுரைப் பக்கம் ஒரு பெரியவர். ஓய்வு பெற்றவர், குழுவில் எல்லோருக்கும் மரியாதை. “ஐயா, எடுத்தவர் பணம் தரவில்லை, உங்கள் விலைக்கே தருகிறேன்” என்று எழுதினேன். நீல டிக் விழுந்து அரை மணி நேரம் கழித்துப் பதில்: “பரவாயில்லை தம்பி. இந்த மாதிரி விலை ஏத்தி விடுற ஆளுங்களை நானும் பார்த்திருக்கேன்.”

அவர் சந்தேகப்பட்டது என்னை! நானே ஆள் வைத்து விலை ஏற்றி, அந்த ஆள் தலையிலேயே விழுந்ததும் இவரிடம் வந்து நிற்கிறேனாம். அவர் மேல் தப்பும் இல்லை, அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். அதுதான் வயிறு எரிகிறது. 4,600 தராதவன் நாசமாய்ப் போகட்டும், எட்டு வருடமாகச் சேர்த்த பேரை அல்லவா கட்டை விரலால் அழித்துவிட்டுப் போயிருக்கிறான்! பெரியவருக்கு விளக்கம் எழுதினேன். எழுத எழுத, குற்றவாளி எழுதுவது மாதிரியே இருந்தது. அழித்துவிட்டேன்.

அட்மின், “பிளாக் பண்ணிட்டேன் சார்” என்றார். முடிந்தது அவர் கடமை. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் புளியமரக் குத்தகை ஏலத்துக்கே டேவணித் தொகை கட்டினால்தான் வாயைத் திறக்கலாம். எடுத்துவிட்டு வராவிட்டால் கட்டிய பணம் கோவிந்தா. இருநூறு ரூபாயாவது முன்பணம் வாங்கலாமே என்று குழுவில் கேட்டேன். “கூட்டம் குறைஞ்சிடும் சார்.” குறையட்டுமே! இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன லாபம்?

பன்றி ரூபாய் இப்போதும் என் பீரோவில்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி வேறொரு குழுவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1835ஆம் வருடக் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய் ஏலம் போய்க்கொண்டிருந்தது. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது 3,800 என்று ஒரு புது நம்பர். பெயரும் புதிது. முகப்புப் படம் மட்டும் அதே மஞ்சள் பைக், அதே கூலிங் கிளாஸ்.

கீழே எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.