இருபது வளைவு, ஒரே கியர்

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆயிரம் சிசி சூப்பர்பைக் ஒன்றில் ஏற்காடு ஏறினேன். அடிவாரத்தில் முதல் கியரைப் போட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி ஏரிக்கரையில் நிறுத்தும்வரை இரண்டாவது கியருக்குப் போனது நாலைந்து தடவை இருக்கும். அந்த வண்டியில் மொத்தம் ஆறு கியர்.

வண்டி என்னுடையது இல்லை, அண்ணன் மகனுடையது. பெங்களூரில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, கையில் காசு புழங்குகிறது. ஜப்பான் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கினான். கம்பெனி பெயர் வேண்டாம், வண்டியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எந்த வேலைக்காகச் செய்தார்களோ அதை அது பிரமாதமாகச் செய்யும். அந்த வேலை நம் ஊரில் எங்கே இருக்கிறது என்பதுதான் ஒரு மாதமாக எனக்கும் அவனுக்கும் நடக்கிற சண்டை.

"சித்தப்பா, ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்று சாவியைக் கையில் திணித்தான். பதிலுக்கு என் யமஹா ஆர்எக்ஸ் 100 சாவியை வாங்கிக்கொண்டான். 1994 மாடல், 98 சிசி, 11 குதிரைத்திறன். அவன் வண்டி சுமார் 200. உதைத்துக் கிளப்பவே அவனுக்கு மூன்று முயற்சி ஆனது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்து அஸ்தம்பட்டி வரைக்கும் ஒன்றுமில்லை, கனமான வண்டி, குனிந்த முதுகு, அவ்வளவுதான். கோரிமேடு தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. லேசாக முறுக்கினேன். லேசாக என்றால் நிஜமாகவே லேசாக, மணிக்கட்டு அசைந்ததா என்று எனக்கே சந்தேகம். வயிறு பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. மீட்டரில் 96. கியர் இன்னும் முதலாவது. இந்த மாதிரி வண்டிகள் முதல் கியரிலேயே 140-ஐத் தாண்டும் என்று படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் புரிந்தது. நம் நாட்டில் நாலு வழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு உச்ச வேகம் 80, ஊருக்குள் 60. அதாவது மீதி ஐந்து கியரும் சட்டப்படி உங்களுக்குத் தேவையே இல்லை.

பொய் சொல்லக்கூடாது. அந்த இரண்டு விநாடி நன்றாக இருந்தது. 47 வயதில் ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன்.

அடிவாரத்தில் மலை ஆரம்பித்ததும் சிரிப்பு அடங்கியது. கொண்டை ஊசி வளைவில் யாராக இருந்தாலும் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் திரும்ப முடியும். இந்த வண்டியின் முதல் கியர் பந்தயத் தடத்துக்காக நீளமாகப் போட்டது. 20-ல் போனால் இன்ஜின் திணறும். அதனால் ஒவ்வொரு வளைவிலும் ஹாஃப் கிளட்ச் பிடித்து உருட்ட வேண்டும். இருபது வளைவு, இருபது தடவை. ஆறாவது வளைவிலேயே இடது கை விரல் மரத்துவிட்டது. ஹேண்டில்பாரும் டேங்கில் இடிக்கிற அளவுக்குத்தான் திரும்பும், மொபெட் மாதிரி வளைத்துக் கொண்டுபோக முடியாது.

பாதி மலையில் ஓர் இடது வளைவு. நான் உள்பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறேன், மேலிருந்து சேலம் பஸ் இறங்குகிறது. வளைவு முழுக்க அவருக்கு வேண்டும். மலை ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் விதியை வைத்து பஸ்ஸை நிறுத்த முடியாது. பிரேக் பிடித்து நின்றேன். இடது காலைக் கீழே வைக்கப் போனால் தரை இல்லை. வளைவின் உள்பக்கம் ரோடு சரிந்து இறங்கும், சீட்டோ உயரம். கால் காற்றில் துழாவியது. இருநூறு கிலோ வண்டி அந்தப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. தொடையால் தாங்கி, பல்லைக் கடித்து எப்படியோ நிமிர்த்தினேன். கால் நுனிக்குக் கீழே மழையில் அடித்து வந்த மண், அதன்மேல் ஈரச் சருகு. விழுந்திருந்தால் அண்ணன் மகனுக்கு ஒரு வருஷ சம்பளம் போயிருக்கும்.

பஸ் போனதும் என் பக்கத்தில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், டூ ஸ்ட்ரோக் புகை வாசனை. பயல் ஆர்எக்ஸ்ஸில் என்னைத் தாண்டிப் போனான். கையை வேறு ஆட்டினான்.

அந்த வண்டியின் முகப்பில் இரண்டு பக்கமும் சின்ன இறக்கை இருக்கிறது. மோட்டோ ஜிபி பந்தயத்தில் இத்தாலிக் கம்பெனி டுகாட்டி கொண்டுவந்து பிரபலமாக்கியது, இப்போது எல்லா கம்பெனியும் வைக்கிறார்கள். வேகமாகப் போகும்போது முன்சக்கரம் மேலே எழும்பாமல் காற்றே அழுத்திப் பிடிக்கும், நல்ல யோசனை. டுகாட்டி தன் பனிகாலே வி4 சூப்பர்பைக் பற்றிச் சொன்ன கணக்கு: 270 கிலோமீட்டர் வேகத்தில் 30 கிலோ அழுத்தம். இந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசி. எங்களுடையது கொலுசுப் பட்டறை, எடை என்றால் கை தானாகக் கணக்குப் போடும். 60-ல் போனால் ஒன்றரை கிலோ வருகிறது. ஏற்காடு வளைவில் 20-ல் திரும்பினால் 165 கிராம். கொஞ்சம் கனமான கொலுசு ஒரு ஜோடி. அதை முன்சக்கரத்தில் கட்டிவிட்டாலே போதும், அவ்வளவு பணம் எதற்கு?

இதைச் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இறக்கைய விடுங்க சித்தப்பா. எலக்ட்ரானிக்ஸ் இருக்கு பாருங்க, அது சேஃப்டி." எல்லா சூப்பர்பைக்காரர்களும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். பாதிக்குமேல் நியாயமும் இருக்கிறது, அதனால் அவசரப்படாமல் பேசுகிறேன்.

2015-ல் யமஹா ஆர்1-ல் ஆறு அச்சு சென்சார் வந்தது. வண்டி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, மூக்கு தூக்குகிறதா, பின்பக்கம் வழுக்குகிறதா என்று ஒவ்வொரு நொடியும் பலமுறை அளந்துகொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் சக்கரம் வழுக்காமல் பார்க்கிற ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், முன்சக்கரம் எழும்பாமல் பார்க்கிற வீலி கன்ட்ரோல் எல்லாம் வேலை செய்கின்றன. நான் அந்தச் சருகின்மேல் கொஞ்சம் கூடுதலாக முறுக்கியிருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 11 குதிரைத்திறன் வண்டிக்கு அந்தக் காவல் தேவைப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் புலியைக் கொண்டுவந்துவிட்டு, கூண்டு எவ்வளவு உறுதி பாருங்கள் என்று பெருமை பேசுகிற மாதிரி.

அப்புறம் வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தாலும் வழுக்கி விழாமல் காக்கிற ஏபிஎஸ். மலைப்பாதையில் ஓட்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. அது முதலில் வந்தது பந்தய வண்டியில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பாஷ் கம்பெனி அதை முதலில் வைத்தது கேடிஎம் 1190 அட்வென்ச்சர் என்கிற நெடுந்தூரப் பயண வண்டியின் 2014 மாடலில். 2020-ல் நம் ஊர் 390 அட்வென்ச்சருக்கே வந்துவிட்டது. இங்கிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில், ஓசூரில் செய்கிற டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310-ல் 2023-ல் ஆறு அச்சு சென்சாரே கொடுத்தார்கள், கொஞ்சம் கூடப் பணம் கட்டினால். மூன்று லட்சம் சொச்சத்தில் முடிகிற பாதுகாப்புக்கு இருபது லட்சம் கொடுத்துவிட்டு 'சேஃப்டிக்காக வாங்கினேன்' என்று சொல்லாதீர்கள். ஆசைப்பட்டு வாங்கினேன் என்று சொல்லுங்கள், சண்டையே இல்லை.

சென்சாருக்கு டயர் தெரியும், ரோடு தெரியாது. வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற காட்டெருமையைத் தெரியாது. அறுபது அடி பாலத்துக்குப் பக்கத்தில் மழைக்கு மண் இறங்கியிருக்கிறதா என்று தெரியாது. பலாப்பழம் வாங்க நடுரோட்டில் காரை நிறுத்துகிற குடும்பத்தைத் தெரியாது.

இந்த வண்டிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1988-ல் உலக சூப்பர்பைக் போட்டி ஆரம்பித்தபோது, கடையில் விற்கிற வண்டியை அடிப்படையாக வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. ஜெயிக்க வேண்டும் என்றால் கடையில் விற்கிற வண்டியே பந்தய வண்டியாக இருக்க வேண்டும். ஹோண்டாவின் ஆர்சி30 அப்படிப் பிறந்ததுதான். அதாவது நாம் வாங்குவது நமக்காக யோசித்த வண்டி இல்லை, போட்டி விதியைத் திருப்திப்படுத்த நம் தலையில் கட்டியது. நாலு சிலிண்டர் வண்டிக்கு அந்தப் போட்டியில் இப்போது ஆயிரம் சிசிதான் உச்சவரம்பு. டுகாட்டி சாதாரண வாடிக்கையாளருக்கு விற்கிற பனிகாலே வி4 1103 சிசி, பந்தயத்துக்குத் தனியாக 998 சிசியில் ஒன்று. ரோட்டில் ஓட்டுகிறவனுக்குக் கீழ்வேகத்தில் இழுவை வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. யமஹா இன்னும் வெளிப்படை: ஐரோப்பாவில் 2020-க்குப் பிறகு ஆர்6, 2025-ல் இருந்து ஆர்1, இரண்டுமே பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று அறிவித்துவிட்டார்கள். புகை விதி ஒரு காரணம், சரி. ஆனால் ரோட்டுக்காக மாற்றிச் செலவு செய்கிற அளவுக்கு ஆள் வாங்குவதில்லை என்பதும் காரணம் என்றே நினைக்கிறேன். நம் நாட்டில் 2025 செப்டம்பரில் 350 சிசிக்கு மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது வேறு.

செலவை விடுங்கள், அவன் காசு அவன் உரிமை. எனக்குள்ள பயம் வேறு. அந்த வண்டி 60-ல் தூங்குகிறது. 80-ல் கொட்டாவி விடுகிறது. நம்மைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. 150 போனால்தான் அதற்கு முழிப்பு வருகிறது, நமக்கும் கொடுத்த காசுக்கு ஏதோ கிடைத்த மாதிரி இருக்கிறது. கோரிமேட்டில் எனக்கு இரண்டு விநாடியில் வந்த சிரிப்பு அப்படிப்பட்டதுதான். கொலுசுக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், எனக்கே இன்னொரு தடவை முறுக்கலாமா என்று தோன்றியது என்றால் 24 வயது பையனுக்கு? தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே அது என்ன சொல்லும் அவனிடம்?

ஆர்எக்ஸ் 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே உயிரை விட்டு ஓடுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு கியரும் வேலை செய்யும், ஒவ்வொரு வளைவும் ஒரு வேலை வைக்கும். அதற்காக எல்லோரும் ஆர்எக்ஸ் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். இறங்கும்போது டிரம் பிரேக் சூடேறி ஏமாற்றும், டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கும் கிடையாது. பழைய பாசத்தில் வைத்திருக்கிறேன். மலைக்கு என்னிடம் யோசனை கேட்டால் 300, 400 சிசி, நிமிர்ந்து உட்காருகிற வண்டி, ஏபிஎஸ் இருக்க வேண்டும். முடிந்தது.

இறங்கும்போது பத்தரை மணி. அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கார் வரிசை. ரேடியேட்டர் ஃபேன் போட்ட சூட்டில் தொடை வெந்தது, உடம்பு எடை முழுக்க மணிக்கட்டில். காருக்குள் இருந்த ஒரு சின்னப் பையன் ஜன்னலை இறக்கி "அங்கிள், எவ்ளோ போவும்?" என்று கேட்டான். 299 போகும் என்றேன். அவன் முன்னால் நிற்கிற காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

மேலே ஏரிக்கரையில் டீ குடிக்கும்போதே அண்ணன் மகனிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தேன். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கிறது. வருஷத்தில் நாலு நாள் அங்கே கொண்டுபோய் ஓட்டு, எந்த பஸ்ஸும் எதிரில் வராது, மூன்றாவது நான்காவது கியரை எல்லாம் கண்ணால் பார்க்கலாம். வண்டியை ஏற்றிப் போக நம் பட்டறைக்கு வருகிற டாடா ஏஸ்காரரைக் கேட்கிறேன் என்றேன். யோசித்தான்.

நேற்று இரவு போன் செய்தான். வருவான் போலிருக்கிறது. ஆனால் முதலில் கேட்டது அதை இல்லை.

"சித்தப்பா, ஆர்எக்ஸ்க்கு பெட்ரோல்ல ஆயில் எந்த அளவுல கலக்கணும்?"