கஞ்சிச் சட்டியும் குளிர்த்தித் தண்ணீரும்

வைகாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சும் கூடவே பிறந்துவிடும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாமிக்கும் பயமில்ல, சனத்துக்கும் பயமில்ல." கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்த நாளிலிருந்து குளிர்த்திச் சடங்கு முடியும்வரை வீதியிலும் கடையிலும் வாட்சப் குழுவிலும் இதைத்தான் கேட்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்வதில்லை என்று இருக்கிறேன். ஏன் என்று எழுதத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் ஊர் இலங்கையின் கிழக்கே அம்பாறை மாவட்டத்துக் கரையோரம். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர் என்று மாறி மாறி வருகிற வீதி. கோயில் மணியும் பாங்குச் சத்தமும் ஒரே வீட்டுத் திண்ணையில் கேட்கும்.

என் அம்மம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தவ. வைகாசிச் சடங்கு முடியும்வரை வீட்டில் மீன் மணம் இருக்காது. பக்தி என்றால் அப்படியொரு பக்தி. அதே அம்மம்மா நோன்பு மாதத்தில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பின்வளவு வேலியடியில் போய் நிற்பா. பக்கத்து முஸ்லிம் வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் ஒரு அலுமினியத் தூக்குச்சட்டி வரும். எங்களுக்கென்று இறைச்சி போடாமல் தனியாக எடுத்து வைத்த கஞ்சி. மூடியைத் திறந்தால் இஞ்சியும் உள்ளியும் ரம்பையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து ஒரு மணம் வரும், இப்போதும் மூக்கில் நிற்கிறது. அம்மம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, அடுத்த நாள் அதில் ஒரு சுண்டு பச்சரிசியோ நாலு கதலிப்பழமோ போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பா. "வெறுஞ்சட்டி குடுக்கப்படா மனே" என்பா.

வேலிக்கு அந்தப் பக்கத்து உம்மாவின் மகனுக்கு ஒருமுறை அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, கண்டது. அம்மம்மா குளிர்த்தித் தண்ணீரைச் செம்பில் எடுத்து, மேலே வேப்பிலை போட்டு, அதே வேலியால் கொடுத்தா. யாரும் யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. காய்ச்சல் பிள்ளைக்கு. அம்மன் கோபம் தணிந்து குளிர்ந்தவ. அவ்வளவுதான் கணக்கு.

குளிர்த்தியைத் தெரியாத வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மதுரையை எரித்த கோபத்தோடு வந்த கண்ணகியைக் குளிரப் பண்ணுகிற சடங்கு அது. அவவின் கதையான வழக்குரையைப் பாடி, கல்யாணக்கால் நட்டு, கடைசி இரவில் குளிர்த்திப் பாட்டோடு வேப்பிலையால் தண்ணீர் தெளிப்பார்கள். வைகாசி வெயிலில் வெந்து கிடக்கிற சனத்தின் மேல் அந்தத் துளி விழும்போது உடம்பு சிலிர்க்கும். இதே அம்மனைச் சிங்களச் சனம் பத்தினித் தெய்வம் என்று கும்பிடுகிறது. குடி என்கிற வம்சப் பிரிவு முறை எங்களிடமும் உண்டு, இந்தக் கரையோரத்து முஸ்லிம்களிடமும் உண்டு, இரண்டு பேருக்கும் தாய்வழிதான். இரண்டு பேரும் பெண்பிள்ளைக்குத்தான் வீடு கட்டிக் கொடுக்கிறோம், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார்.

அப்படியென்றால் வேலி எப்போது மதிலானது? 1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. அந்த ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களைக் கொன்றார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் எங்கள் சனத்தைக் கொன்றார்கள், பச்சைக் குழந்தைகள்கூட மிஞ்சவில்லை. நாங்கள் பாயும் பானையுமாக ஓடி, அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வேலி இருந்த இடத்தில் கல்மதில் நின்றது. அந்த உம்மா குடும்பமும் வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். என் அம்மா அன்றைக்கு மனதை மூடிக்கொண்டவ. அம்மாவின் தம்பி அந்த ஆண்டு போனவர், இன்றுவரை வரவில்லை. அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவ பட்டதில் பாதியை நான் பட்டிருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பயம் கூடக்கூடத்தான் எங்கள் கோயில்களும் உயர்ந்தன. வருடத்துக்கு ஒருமுறை கதவு திறந்த அம்மன் கோயில்கள் பலவற்றில் இன்று தினமும் பூசை. வெளிநாட்டுக் காசில் கோபுரம், ஒலிபெருக்கி, நாலு பக்கமும் மதில். அந்தப் பக்கத்திலும் இதே கதைதான். நான் சின்னப் பிள்ளையாக இருக்கையில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளித் தர்காவின் கொடியேற்றத்துக்கு அம்மம்மா என்னைக் கூட்டிப்போவா. மிட்டாய் வாங்கித் தருவா, பச்சைக் கொடி ஏறும்போது கைகூப்புவா. இன்று தர்கா பக்கம் போவது பிழை என்று சொல்கிறவர்கள் அவர்களிடமும் உண்டு. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் இரண்டு பக்கமும் மதில் கட்டியது எங்கள் தலைமுறையும் எங்களுக்கு முந்தினதும்தான். இப்போதிருக்கிற பிள்ளைகள் இல்லை.

சரி, என் மகளிடம் வருகிறேன். உயர்தரம் படிக்கிறாள். கல்முனைக்கு டியூசனுக்குப் போகிற இடத்தில் ஒரு முஸ்லிம் தோழி. போன நோன்பில் தோழி வீட்டிலிருந்து கஞ்சி கொண்டு வந்தாள். அதுவும் இறைச்சி போடாத கஞ்சி. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்த மணம் என் வாசலுக்கு வந்தது. அம்மா கதிரையில் இருந்தபடி, "அதை உள்ளுக்குக் கொண்டு வராத" என்றா. மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் படியில் இருந்து தனியாகக் குடித்தாள், பாத்திரத்தைக் கழுவி வைத்தாள்.

அடுத்து வைகாசியில் தோழிக்குக் குளிர்த்தி பார்க்க ஆசை என்றாள். "வேண்டாம் மகள், ஆக்கள் என்ன சொல்லுவாங்க" என்றேன். "ஆக்கள்தானே சொல்லுவாங்க. அம்மன் ஒண்டும் சொல்ல மாட்டாவே" என்றாள். தோழியின் வீட்டிலும் இதே சண்டையாம். அவளுடைய மூத்தம்மா, அதாவது பாட்டி மட்டும், "நாங்க முந்திப் போய்ப் பார்த்திருக்கம், விடுங்கோ" என்றாவாம்.

ஈஸ்டர் தாக்குதல்களைத் தொடர்ந்து 2019 ஏப்ரல் 26 இரவு பக்கத்துச் சாய்ந்தமருதில் குண்டு வெடித்தபோது இந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதில் என் மடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தவள். பயம் தெரியாமல் வளர்ந்தவள் இல்லை. தெரிந்தும் கேட்கிறாள்.

மகள் சொல்வதெல்லாம் எனக்கு உடன்பாடு என்றும் நினைக்க வேண்டாம். "நான் சாமி கும்பிடப் போகல்ல அம்மா, அது எங்கட கலாசாரம், பாட்டுக் கேக்கப் போறன்" என்கிறாள். அது எனக்கு வலிக்கிறது. குளிர்த்திப் பாட்டைப் பூசாரியான கட்டாடியார் பாட அதை ஃபோனில் பதிந்து முழுதும் மனப்பாடம் பண்ணியவள் அவள்தான், ஊரில் அவள் வயதில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் அம்மம்மா அதைப் பாடியது, பாடினால் பிள்ளையின் காய்ச்சல் தணியும் என்று நம்பி. அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் பாட்டு எத்தனை நாள் நிற்கும்? இதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றாள்.

அம்மம்மாவின் காலத்தைப் பொன்னாக்கிக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. கஞ்சியை வேலியால் வாங்கிய அதே அம்மம்மா, சொந்த ஊரிலேயே சில சனத்துக்கு முற்றத்தில் வைத்துத்தான் தண்ணீர் கொடுத்தா, அதற்கென்று தனிச் சிரட்டை இருந்தது. கோயிலில் சிலருக்கு முன்னிடம், சிலருக்கு வெளிவீதி. அவவுக்கு அது பிழையாகவே படவில்லை. மகளுக்குப் படுகிறது. இதில் மகள் பக்கம்தான் நான், முழுமனதாக.

அதனால்தான் "பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை" என்ற பேச்சு எனக்கு இப்போது கசக்கிறது. அன்றைக்கு என் வாசற்படியில் இருந்து கஞ்சி குடித்த பிள்ளையிடம்தான் அம்மம்மாவின் மனது இருந்தது. என் அம்மாவிடம் பயம் இருந்தது. என்னிடம் இரண்டும் இல்லை, ஆக்கள் என்ன சொல்வார்கள் என்ற யோசனை மட்டும்தான் இருந்தது.

இந்த வைகாசிக்கும் தோழி கேட்டிருக்கிறாளாம். வரச் சொல் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் நான்தான் பேச வேண்டும். இரண்டு நாளாக அவவின் கட்டிலடிக்குப் போய்ப் போய்த் திரும்பி வருகிறேன்.