கதிரையை எண்ணி இடம் எடுக்காதீர்கள்

கொழும்பில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி பக்கம் பகிர்ந்த அலுவலகங்களின் (பல கம்பனிகள் ஒரே இடத்தைச் சீட்டுக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறவை) விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே பாட்டுத்தான். ஒரு சீட்டுக்கு மாதம் இவ்வளவு, வைஃபை சேர்த்து, கோப்பி சேர்த்து. அந்தச் சீட்டைச் சுற்றி எத்தனை சதுர அடி என்று ஒருவரும் போடுவதில்லை. கேட்கிறவர்களும் குறைவு.

பகிர்ந்த அலுவலகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் போனபோது, சொந்த ஜெனரேட்டர் இல்லாத சின்னக் கம்பனிகள் பட்ட பாடு தெரியும்தானே. தனித் தளம் எடுத்து நடத்துவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் கதிரையை மட்டும் எண்ணி இடம் விற்பதும் வாங்குவதும் சரியில்லை.

பிரித்தானியாவின் 1992 ஆம் ஆண்டு வேலைத்தள விதிகளுக்கான வழிகாட்டலில் ஒரு லேசான அளவு இருக்கிறது. வெறும் அறையின் கன அளவை ஆட்தொகையால் பிரித்தால் தலைக்குக் குறைந்தது 11 கனமீற்றர் வரவேண்டும். 3 மீற்றருக்கு மேலே உள்ள உயரம் கணக்கில் சேராது. நம் அளவில் கிட்டத்தட்ட 390 கன அடி. இப்போது 12 அடிக்கு 15 அடி அறை, கூரை 9 அடி என்று வையுங்கள். பெருக்கினால் 1620 கன அடி. நாலு பேருக்கான இடம்! அதே அளவு அறையில் எட்டுக் கதிரை போட்டு ‘எட்டுப் பேர் ரூம்’ என்று காட்டுகிறார்கள். பின்னால் இருப்பவர் எழும்ப வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் மேசையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தளபாடம் கூடினால் அந்த 11 கூடப் போதாமல் போகலாம் என்று அதே வழிகாட்டலில் இருக்கிறது.

அது அந்த நாட்டு அளவு, இங்கே எங்களைக் கட்டுப்படுத்தாது. சரி. ஆனால் இலங்கையின் 1954 ஆம் ஆண்டு கடை, அலுவலக ஊழியர் சட்டமும் காற்றோட்டம், வெளிச்சம், மலசலகூடம் எல்லாம் வேண்டும் என்றுதானே சொல்கிறது?

காற்று என்றதும் “ஏசி இருக்கிறதே” என்பார்கள். சுவரில் மாட்டுகிற சாதாரண ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கிற காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிராக்குகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. காலி வீதிப் பக்கத்து யன்னலைத் திறந்தால் புகையும் ஹோர்ன் சத்தமும், அதனால் அதுவும் பூட்டு. வெளியே கரியமில வாயு 420 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் இருக்கும். எட்டுப் பேர் மூச்சுவிடுகிற பூட்டிய அறையில் அது 1000 ஐத் தாண்ட அதிக நேரம் எடுக்காது. மூன்று மணிக்கு எல்லோருக்கும் கொட்டாவி வரும், பழி மத்தியானச் சோற்றின் மேல்.

அடுத்தது “எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள்” என்ற வாதம். இருபது பேருக்குப் பன்னிரண்டு கதிரை போதுமாம். சராசரிக்குப் போதும்தான். ஆனால் கொழும்பில் வேலை நேரம் வேறு மாதிரி. ஆஸ்திரேலிய வேலை பார்க்கிறவர்கள் விடியவே வந்து மத்தியானம்தான் எழும்புவார்கள். லண்டனில் காலை 9 மணி என்றால் கோடையில் இங்கே பிற்பகல் 1.30, லண்டன் வேலை பார்க்கிறவர்கள் அதற்கு முன்னாலேயே வந்து சேருவார்கள். நடுவில் நம் ஊர் நேரக்காரர்கள். பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் போய்ப் பாருங்கள், லேப்டொப்பை இடுப்பில் அணைத்துக்கொண்டு இடம் தேடுகிறவர்கள் தெரிவார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பார்த்துத்தான் இடம் திட்டமிட வேண்டும்.

வேலை மேசை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் ஹெல்மெட்டும் சொட்டுகிற ரெயின்கோட்டும் எங்கே போகும்? கதிரைக்குக் கீழேதான், எக்ஸ்டென்ஷன் வயருக்குப் பக்கத்தில். சோற்றுப் பார்சல் விரிக்க இடமில்லாமல் கீபோர்டைத் தள்ளிவிட்டுச் சாப்பிடுகிறார்கள், பிறகு கருவாட்டு வாசத்துக்கு முகம் சுளிப்பு. (கருவாடு என்ன செய்யும், பாவம்.) தொழுவதற்கு மாடிப்படித் திருப்பத்தில் பாய் விரிக்கிற சகோதரர்களையும் பார்த்திருக்கிறேன். பளபளப்பான வரவேற்பு மேசைக்கும் பிங்பொங் மேசைக்கும் மட்டும் தாராளமாக இடம் கிடைக்கிறது.

விலையையும் ஒருமுறை சதுர அடியால் பிரித்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, அந்த எட்டுப் பேர் ரூமில் சீட் 20,000 ரூபாய் என்றால் ஆளுக்குக் கிடைப்பது 22.5 சதுர அடி, அடிக்கு 890 ரூபாய் அளவில் வரும். 27,000 ரூபாய் சீட்டுக்கு 45 சதுர அடி கிடைத்தால் அடிக்கு 600தான்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு அளவு நாடாவும் கொண்டு போங்கள். காலை பத்து மணிக்கு வரச்சொன்னால் ஒரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள்.